துளசிபாய் தன் வழியைத் தேடிப் போன கதை

இந்தக் கதைய எனக்கு முதல்ல சொன்னது சரோஜாபாய் அக்கா. என் பெரியவனுக்கு அம்மை போட்டிருந்த வருஷம், சித்திரை மாசம். வீடு முழுக்க வேப்பிலை வாசனை. பிள்ளை அரிப்பு தாங்காம அழறான், நான் மாரியாத்தா படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து அழறேன். பக்கத்து வீட்டுல பட்டு நெஞ்சுக்கிட்டிருந்த அந்த அக்கா, தறிய விட்டு எழுந்து வந்து, அவன் கால்மாட்டுல உட்கார்ந்து, வேப்பங்கொத்தால மெல்ல வருடிக்கிட்டே இதைச் சொன்னாங்க. பாதியில அவன் தூங்கிட்டான். மிச்சத்தை நான்தான் கேட்டேன்.

இப்போ நீ கேளு, கண்ணு. தலைய இப்படிச் சாச்சுக்கோ. நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு தெரு இருந்துச்சு.

"ஒரு ஊர்ல ஒரு ராஜான்னுதானே பெரியம்மா வரும்?"

ராஜாவும் இருந்தாரு. அவரு அரண்மனையில தூங்கட்டும், நமக்கு இந்தத் தெரு போதும். பெரிய ஊரு அது. ஒரு தெருவுல செக்கு ஆட்டறவங்க, ஒரு தெருவுல பானை வனையறவங்க, ஒரு தெருவுல தெலுங்கு பேசுவாங்க, ஒரு தெருவுல மராட்டி பேசுவாங்க. எல்லாரும் சந்தைக்கு வந்தா தமிழ்ல சண்டை போட்டுக்குவாங்க. நம்ம தெரு பட்டு நெய்யறவங்க தெரு. கோழி கூவறதுக்கு முன்னாடியே அங்க ‘டக்டக், டக்டக்’னு தறி பேச ஆரம்பிச்சிரும். அந்த ஜனங்க ரொம்ப ரொம்ப வடக்கே, கடலோரத்துல ஒரு சீமையில இருந்து, பல தலைமுறைக்கு முன்னாடி நடந்தே வந்தவங்க. வீட்டுக்குள்ள அவங்க பேச்சு, வாசல் தாண்டினா தமிழ்.

"நடந்தேவா?"

நடந்தேதான். தறிக்கட்டைய தோள்ல வச்சுக்கிட்டு, பிள்ளைகள இடுப்புல வச்சுக்கிட்டு. அப்படி வந்ததால அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், தெரு நடுவுல எதிரும் புதிருமா ரெண்டு ஜமக்காளம் விரிப்பாங்க. ஒண்ணுல மாப்பிள்ளை வீடு, ஒண்ணுல பொண்ணு வீடு. வெத்தலை பாக்கு வச்சு, சந்தனம் தொட்டுட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்பாரு: "எங்கேருந்து வர்றீங்க? எந்த வழியா வந்தீங்க? வழியில என்ன நடந்துச்சு?" பொண்ணு வீட்டுப் பெரியவர் எழுந்து நின்னு, தன் வீட்டு ஜனம் வந்த வழிய ஆதியில இருந்து சொல்லணும். எந்த மலை, எந்த ஆறு, யாரு தண்ணி குடுத்தா, எங்க விளக்கு வச்சோம், எல்லாம். பாட்டு மாதிரி சொல்வாங்களாம். அதைக் கேட்டுட்டுத்தான் மறுநாள் தாலி.

வடக்கே ஒரு கணவாய் இருக்கு. கணவாய்னா ரெண்டு மலைக்கு நடுவுல வழி. அது வரைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே வழி. அங்க வந்ததும் கூட்டம் கூட்டமா பிரிஞ்சுட்டாங்க. அதனால கணவாய்க்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வழி வேற. சரியா?

"ம்."

அந்தத் தெருவுல துளசிபாய்னு ஒரு பொண்ணு. அவளுக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. ரெண்டு பேரையும் ஒரே காய்ச்சல் கொண்டு போயிருச்சு. அம்மாவோட தங்கச்சி, காவேரிபாய்னு சித்தி, அவதான் வளர்த்தா. நல்லவ. வாய் மட்டும் ஓயாது. தூக்கத்துலகூட யாரையாவது விசாரிச்சுக்கிட்டே இருப்பா.

எதிர் வீட்டுல கோவிந்துன்னு ஒரு பையன். துளசியும் அவனும் சின்னதுல இருந்தே ஒருத்தர் தறிச் சத்தத்தை ஒருத்தர் கேட்டு வளர்ந்தவங்க. அவ தறி ‘டக்டக்’னா அவன் தறி ‘டக்டக்’குனு பதில் சொல்லும். தெருவே சிரிக்கும். அப்புறம் பெரியவங்க பேசி, கல்யாணம்னு முடிவாச்சு. அந்தக் கல்யாணம் முடிஞ்ச கையோட கோவிந்து வீட்டுக்காரங்க எல்லாரும் தூரத்துல இன்னொரு ஊருக்குக் குடி போறதா இருந்துச்சு. அந்த ஊரு ராஜா கூப்பிட்டிருந்தாரு, தறி போட. போனா திரும்பி வர மாட்டாங்க.

எல்லாம் சரி. வழி சொல்றது யாரு? துளசி வீட்டுல ஆம்பளைங்களே இல்ல. அவ அப்பா வீட்டுல பல தலைமுறையா பொண்ணே பிறக்கல, அதனால அவங்க வழியத் தெருவுல யாரும் கேட்டதே இல்ல. அப்பா போனப்போ இவ மடியில உட்கார்ந்து விரல் சூப்பிக்கிட்டிருந்தவ. சித்தி அம்மா பக்கத்து ஆளு, அப்பா வீட்டு வழி அவளுக்குத் தெரியாது. கோவிந்துவோட தாத்தா சுந்தரய்யா சொன்னாரு, "ஆம்பளை இல்லாட்டி என்ன? பொண்ணே நின்னு சொல்லட்டும்." ஆனா சொல்றதுக்கு என்ன இருக்கு?

சித்தி ஒரு யோசனை பண்ணினா. "அடியே, வழின்னா வழிதானே. யாரு வழியா இருந்தா என்ன? நான் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கேன். அதுல ரொம்ப நல்லா இருக்கிற ஒரு வழி எனக்கு மனப்பாடம். வெள்ளைக் குருவி எல்லாம் வரும். அதைச் சொல்லித்தரேன், ஒப்பிச்சிரு."

துளசியும் படிச்சா. ஜமக்காளம் விரிச்சாச்சு. தெருவே கூடிருச்சு. சுந்தரய்யா கேட்டாரு, துளசி எழுந்து கைகட்டி நின்னு சொல்ல ஆரம்பிச்சா. கணவாய் வந்தோம், கிழக்கே திரும்பினோம், வெள்ளைக் குருவி வழி காட்டுச்சு, அய்யனார் குளத்துல தண்ணி குடிச்சோம்னு தேனா ஒழுகுது. சொல்லச் சொல்ல, எதிர் ஜமக்காளத்துல எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறாங்க. கோவிந்து முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு.

முடிச்சதும் சுந்தரய்யா மெதுவா சொன்னாரு, "அழகா சொன்னே, தாயி. ஆனா இது எங்க வீட்டு வழி."

"அதனால என்ன?"ன்னா சித்தி.

"என்னவா? எங்க வழியில வந்தவன்னா அவ எங்க வீட்டுப் பொண்ணு. கோவிந்துக்குத் தங்கச்சி முறை. தங்கச்சிக்கு எவன் தாலி கட்டுவான், காவேரி?"

"ஐயோ, சித்தி தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

ஆமா. நல்லா இருக்கேன்னு எடுத்தா பாரு, அது மாப்பிள்ளை வீட்டு வழியாவே போச்சு. பின்வரிசையில ஒருத்தன் "மாப்பிள்ளை, தங்கச்சிக்குச் சீர் செய்யப்பா"ன்னான். கோவிந்து தலைய நிமிர்த்தவே இல்ல. துளசிக்குக் கண்ணுல தண்ணி முட்டுது, விழ விடாம நிக்கறா.

சுந்தரய்யா கெட்டவர் இல்ல. "அழாதே தாயி. உனக்கும் ஒரு வழி இருக்கும். வழி இல்லாம யாரும் இந்தத் தெருவுக்கு வரல. நாங்க பௌர்ணமி வரைக்கும் கிளம்பாம இருக்கோம். தேடிக்கிட்டு வா. உன் வழின்னு நீ நின்னு சொன்னா, மறுநாளே தாலி. பௌர்ணமி தாண்டினா வண்டி கட்டியாகணும். ராஜா உத்தரவு"ன்னாரு.

அன்னிக்கு அவ சாப்பிடல. சாமி விளக்குக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தா. "பெருமாளே, என் வழி உனக்குத் தெரியுமே, எனக்குக் கொஞ்சம் காட்டேன்"னு கேட்டா. நாமெல்லாம் கேட்கிற மாதிரிதான், வேற எப்படிக் கேட்கறது. அப்போ சித்தி மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா: "ஒண்ணு ஞாபகம் வருது. உங்கப்பா வருஷா வருஷம் ஒரு முழம் பட்டு நெஞ்சு, வடக்கே கோட்டையூர்ல ஒரு குதிரைக்கார ராவுத்தர் வீட்டுல குடுத்துட்டு வருவாரு. விக்கிறதுக்கு இல்ல, சும்மா. ஏன்னு கேட்டா சிரிப்பாரு."

"அப்போ அங்க போவோம், சித்தி."

"என் முழங்கால்?"

"அதையும் கூட்டிட்டு வாங்க."

விடிஞ்சதும் கிளம்பினாங்க. சித்தி ஒரு மூட்டை பொரி கட்டிக்கிட்டா, தனியா ஒரு செம்பு எடுத்துக்கிட்டா. "போற இடத்துல யாரு என்ன குடுப்பாங்களோ, நாம நம்ம பொரியத்தான் தின்னணும், நம்ம செம்புலதான் குடிக்கணும்"னா. சரக் சரக்னு நடந்தாங்க. கேட்டுக்கிட்டிருக்கியா?

"ம். அப்புறம்?"

அப்புறம் கோட்டையூர் வந்துச்சு. குதிரை லாயம், பக்கத்துல ராவுத்தர் வீடு. ‘ஹிஹிஹி’ன்னு ஒரு செவலைக் குதிரை கனைக்குது, சித்தி துளசி முதுகுக்குப் பின்னாடி போயிட்டா. உள்ளே இருந்து மைமூன் பீவின்னு ஒரு அம்மா முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டே வந்தாங்க.

"யாரு புள்ளே நீங்க?"

துளசி அப்பா பேரைச் சொன்னா. அந்தம்மா முகம் விளக்கு ஏத்தின மாதிரி ஆச்சு. "அவுக மகளா நீ? ஏன் இத்தனை வருஷமா துணி வரலைன்னு நெனச்சேன். மௌத்தாயிட்டாகளா, போய்ச் சேர்ந்துட்டாகளா? அல்லா, நல்ல மனுஷன்." அப்புறம் ஒரு பெட்டியத் திறந்து, பழைய சேணத்துணி ஒண்ணை எடுத்தாங்க. குதிரை முதுகுல போடறது. பட்டு. நடுவுல கிழிஞ்சு, இழையெல்லாம் அத்துப் போயிருந்துச்சு. "இது உங்க முன்னோர் எங்க முன்னோருக்கு நெஞ்சு குடுத்தது. எங்க வீட்டு மாப்பிள்ளை குதிரை ஏறும்போது இதைத்தான் போடுவோம். அடுத்த வாரம் என் தம்பி மகனுக்கு நிக்காஹ். எலி கடிச்சிருச்சு புள்ளே. எந்தத் தையக்காரனும் தைக்க முடியாதுன்னுட்டான். இதை நீ சேர்த்துக் குடு. உன் வழியில எங்களுக்குத் தெரிஞ்சதை நான் குடுக்கறேன்."

பட்டு இழைய முடிச்சுப் போட்டா திட்டுத்திட்டா நிக்கும். அதுக்கு நெசவுக்காரங்களுக்கு ஒரு கைவேலை உண்டு. தறியில ஒரு பாவு, அதான் நீளவாக்குல கட்டின இழையெல்லாம், முடிஞ்சு அடுத்த பாவு பூட்டும்போது, பழைய இழையோட நுனியும் புது இழையோட நுனியும் ஒண்ணா வச்சு, விரல்ல துளி சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு. அவ்வளவுதான். முடிச்சே இருக்காது, ஆனா பிரியாது. துளசி அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்கி உட்கார்ந்தா. ஒரு இழை, ஒரு முறுக்கு. ஒரு இழை, ஒரு முறுக்கு. பொழுது சாஞ்சு, மறுபடி பொழுது ஏறி, கழுத்து மரக்கட்டையா போச்சு. கடைசி இழையையும் முறுக்கிட்டு நிமிர்ந்தப்போ கிழிசல் எங்க இருந்துச்சுன்னு எலிக்கே தெரியாது.

மைமூன் பீவி துணியக் கண்ணுல ஒத்திக்கிட்டு சொன்னாங்க, "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தாலாட்டு பாடுவோம். உங்க ஆளுகளைப் பத்தினது." பாடினாங்க:

*சேணம் நெஞ்ச சீமாட்டி செவலைக்குப் போட்டுவிட்டா,*
*ஆத்துக்கு அந்தாண்ட ஆடியெல்லாம் தங்கிவந்தா,*
*கட்டை நனைஞ்சதுன்னு கண்கலங்கி நின்னுவந்தா,*
*ஆராரோ ஆரிரரோ.*

"கோட்டையில சண்டை நடந்த காலம். உங்க ஆளுகள எங்க லாயத்துல வச்சுக் காப்பாத்தினாக. வைக்கோலுக்குள்ள தறி போட்டாகளாம். அதுக்கு முந்தி ஆத்தங்கரையில இருந்தாகளாம். எந்தத் துறைன்னு ஓடக்காரவுகளுக்குத் தெரியும். போயி தறிக்கட்டைத் துறைன்னு கேளு புள்ளே."

சாப்பிடச் சொன்னாங்க. சித்தி, "பொரி இருக்கும்மா"ன்னுட்டா. ஆனா நெய்ச்சோத்து வாசனையப் பார்த்துப் பார்த்துத்தான் பொரி தின்னா.

"ம்... நெய்ச்சோறு நல்லா இருக்குமா?"

ரொம்ப நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழமை பண்ணித் தரேன். இப்போ ஆத்துக்குப் போவோம்.

பெரிய ஆறு. மழைக்காலம். ‘ஹோ’ன்னு செம்மண் தண்ணி போகுது. கரையில மருதமுத்துன்னு பரிசல்காரர், வலை பின்னிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. பரிசல்னா மூங்கில்ல பின்னின பெரிய தட்டுக்கூடை, தண்ணியில மிதக்கும்.

"தறிக்கட்டைத் துறை எது, அண்ணே?"

"நீ நிக்கிறியே, அதான்."

"ஏன் அந்தப் பேரு?"

"அதைக் கரையில வச்சுச் சொல்ல மாட்டோம், தாயி. ஆத்து விஷயத்தை ஆத்து நடுவுலதான் சொல்லணும், ஆத்தாளும் கேட்கணும்ல. அது எங்க வழக்கம். ஏறு. ஆனா எதையும் பிடிக்கக் கூடாது. பிடிச்சா ஒரு பக்கம் சாயும். மனசை நடுவுல வச்சுக்கிட்டு உட்காரணும்."

ஏறினாங்க. கொஞ்ச தூரம் போனதும் சுழல் வந்துச்சு. பரிசல் கிறுகிறு கிறுகிறுன்னு சுத்துது. கரை சுத்துது, வானம் சுத்துது. சித்தி கண்ண மூடிக்கிட்டு, "பெருமாளே, இந்தக் கல்யாணமே வேண்டாம், நான் வீட்டுக்குப் போறேன்"னு ஒரே புலம்பல். கை தானா பரிசல் விளிம்புக்குப் போகுது. துளசி சித்தியோட ரெண்டு கையையும் எடுத்துத் தன் மடியில வச்சுப் பொத்திக்கிட்டா. இவளும் எதையும் பிடிக்கல. உதடு மட்டும் கோவிந்தா கோவிந்தான்னுது.

"சாமியக் கூப்பிடறாளா, மாப்பிள்ளையக் கூப்பிடறாளா?"ன்னாரு மருதமுத்து.

"ரெண்டு பேரும் வரட்டும்"னா சித்தி, கண்ணத் திறக்காமலே.

சுழல் நடுவுல துடுப்பை நிறுத்திட்டு அவர் சொன்னாரு. "இதே இடம். உங்க ஜனம் வந்த பரிசல் சாஞ்சிருச்சு. தறிக்கட்டை ஆத்தோட போயிருச்சு. அது இல்லாம பொழைப்பு ஏது? கரையில உட்கார்ந்து அழுதாங்களாம். எங்க ஆளுங்க மூணு பேர் குதிச்சு, அரை நாள் தேடி, ஒருத்தன் போயே போயிட்டான். மத்த ரெண்டு பேரும் கட்டையோட வந்தாங்க. ஈரக்கட்டை காயற வரைக்கும், ஆடி முழுக்க உங்க ஜனம் எங்க குடிசையில இருந்தாங்க. செத்தவன் பொண்டாட்டிக்கு வருஷத்துக்கு ஒரு சேலை உங்க வீட்டுல இருந்து வந்துச்சு, அந்தம்மா கண்ண மூடற வரைக்கும். பேரு கதிரன், அவரு. வழி சொல்லும்போது அந்தப் பேரை விட்டுறாத, தாயி."

துளசி தண்ணியப் பார்த்துக் கும்பிட்டா.

"இன்னொண்ணு. அவங்ககிட்ட ஒரு கைக்குழந்தை இருந்துச்சாம். அது மேல ஆட்டுப்பால் வாசனை அடிக்குமாம். எங்க கிழவிங்க அதை ஆட்டுக்குட்டின்னே கூப்பிட்டாங்களாம். ஏன்னு கணவாயில ஆடு மேய்க்கிறவங்களக் கேளு."

அக்கரையில இறங்கினப்போ பொரி மூட்டை நனைஞ்சு கூழா போயிருந்துச்சு. சித்தி அதைப் பிழிஞ்சு பார்த்துட்டு, ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தது அதுதான் முதல் தடவை.

"ம்..."

கண்ணு சொருகுது பாரு. கணவாய் வந்தாச்சு. ரெண்டு மலை, நடுவுல காத்து ‘ஊ’ன்னு வருது. மழை பொத்துக்கிட்டு ஊத்துது. ‘வள் வள்’ளுனு நாய்ங்க சூழ்ந்துக்கிச்சு. கம்பளி போர்த்தின ஒரு கிழவி வந்து நாய்ங்கள அதட்டினா. கெம்பம்மான்னு பேரு. அவங்க கன்னடம் பேசற ஆட்டுக்காரங்க.

"பா மகளே, பா"ன்னா.

"என்னடி சொல்றா?"ன்னா சித்தி.

"வா மகளேங்கறாங்க, சித்தி. இதுகூடவா தெரியல?"

குடிசைக்குள்ள போனாங்க. கெம்பம்மா ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கி துளசி மடியில போட்டா. அப்பத்தான் பிறந்தது. தாய் ஆடு செத்துப் போச்சு. குட்டி நடுங்குது, ‘ம்மே’ன்னுகூடச் சத்தம் வரல. மழை விடற வரைக்கும் இதை விடாதேன்னு கையால காட்டினா. அவளுக்கு அங்க முப்பது வேலை. துளசி தன் முந்தானையால குட்டியச் சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உட்கார்ந்தா. துணிய ஆட்டுப்பால்ல நனைச்சு வாயில வச்சா. துப்புது. மறுபடி வச்சா. துப்புது. மறுபடி வச்சா. சித்தி பக்கத்துல உட்கார்ந்து தன் மூச்சால ஊதி ஊதி அதோட காலைச் சூடாக்கினா. மழை விடற நேரத்துல குட்டி ‘சப்பு சப்பு’ன்னு ரெண்டு தடவை சப்பி, ‘ம்மே’ன்னுச்சு.

கெம்பம்மா அதைப் பார்த்துட்டு, ஒரு சட்டியில பாலைக் காச்சி சித்திகிட்ட நீட்டினா. "ஹாலு. குடி."

சித்தி பாலைப் பார்த்தா. தன் செம்பைத் தேடினா. செம்பு ஆத்தோட போயிருந்துச்சு. வாங்கிக் குடிச்சிட்டா. "வெல்லம் இருந்தா நல்லா இருக்கும்"னா, அவ்வளவுதான்.

அப்போ கெம்பம்மா, பாதி கன்னடம் பாதி தமிழ்ல சொன்னா. "எங்க பாட்டிக்குப் பாட்டியும் இப்படித்தான் ஒரு மழையில மடியில வச்சிருந்தா. குட்டி இல்ல, பிள்ளை. உங்க பிள்ளை. பெரிய கூட்டம் ஒண்ணு தறியெல்லாம் தூக்கிட்டு வந்துச்சு. இந்த இடத்துல ஒருத்திக்கு வலி வந்திருச்சு. பின்னாடி படை வருதுன்னு கூட்டத்துக்குப் பயம், நிக்க முடியல. அவளையும் புருஷனையும், துணைக்கு நாலு பேரையும் இங்க விட்டுட்டுப் போனாங்க. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனாங்களாம். பிள்ளை பிறந்துச்சு. தாய்க்குப் பால் இல்ல. எங்க ஆட்டுப்பால்லதான் அது பொழைச்சுது."

துளசி அந்தக் குட்டிய மடியில வச்சுக்கிட்டே அழுதா. இந்தத் தடவை முட்டிக்கிட்டு நிக்கல, தாரையா போச்சு. அந்தப் பிள்ளைதான் அவ அப்பாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா.

"ம்... பாவம். அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

வந்தாங்க. வர்ற வழியெல்லாம் சித்தி சொல்லிக்கிட்டே வந்தா. "வழி கிடைச்சிருச்சு, நல்லது. ஆனா அந்தப் பால் விஷயத்தை மட்டும் சொல்லிராதடி. சுந்தரய்யா குளிக்காம தண்ணிகூடக் குடிக்காதவர். ஆட்டுக்காரங்க வீட்டுப் பால்ல வளர்ந்த வம்சம்னா பொண்ணு எடுப்பாரா? கணவாயில தங்கினோம், கிளம்பினோம்னு சொல்லு. ஒரு வரிதானே."

"நீங்க குடிச்சீங்களே, சித்தி."

"நான் கல்யாணம் கட்டிக்கப் போறேனா?"

பௌர்ணமி வந்துச்சு. ஜமக்காளம் விரிச்சாச்சு. எதிர்ல கோவிந்து வீட்டு ஜனம் இடிச்சுப் பிடிச்சு உட்கார்ந்திருக்கு. இந்தப் பக்கம் பெரிய ஜமக்காளத்துல சித்தி ஒருத்திதான், மூலையில. தெருக்கோடியில கோவிந்து வீட்டு வண்டிங்க கட்டி நிக்குது. மாட்டுக் கழுத்து மணி ‘கிணிங் கிணிங்’னு கேட்குது.

துளசி எழுந்து நின்னா. சுந்தரய்யா கேட்டாரு. "எங்கேருந்து வர்றீங்க? எந்த வழியா வந்தீங்க?"

வடக்கே கடலோரத்துல இருந்து ஆரம்பிச்சு, எல்லாருக்கும் பொதுவான வழிய மளமளன்னு சொன்னா. கணவாய் வந்துச்சு. நின்னுட்டா. சித்தி அவ சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கறா. கோவிந்து அவளையே பார்க்கறான். துளசிக்கு அப்போ பாவுதான் மனசுல வந்துச்சு. பாவுல ஒரு இழைய விட்டுட்டு நெஞ்சா, கடைசி வரைக்கும் அந்தக் கோடு துணியில தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். மறைக்கவே முடியாது. அதை அவ கைக்குத் தெரியும்.

சொன்னா. "கணவாயில எங்க வீட்டு மருமகளுக்கு வலி வந்துச்சு. கூட்டம் முன்னாடி போச்சு, நாங்க நின்னோம். பிள்ளை பிறந்துச்சு. தாய்க்குப் பால் இல்ல. கன்னடம் பேசற ஆட்டுக்காரங்க ஆட்டுப்பால் குடுத்து அந்தப் பிள்ளைய வளர்த்தாங்க. அப்புறம் ஆத்துக்கு வந்தோம். தறிக்கட்டைய ஆறு கொண்டு போச்சு. எங்களுக்காகக் குதிச்ச கதிரன்னு ஒருத்தர் திரும்பி வரல. அப்புறம் கோட்டையூர் வந்தோம். சண்டைக்குப் பயந்து நின்னப்போ ராவுத்தர் வீட்டுல லாயத்துல இடம் குடுத்தாங்க. வைக்கோலுக்குள்ள நெஞ்சோம். அங்கேருந்து இந்தத் தெருவுக்கு வந்தோம். இது எங்க வழி."

எதிர் ஜமக்காளத்துல ஒருத்தர் மெல்ல, "ஆட்டுக்காரங்க பாலா?"ன்னாரு. இன்னொருத்தர் தொண்டையச் செருமினாரு. சுந்தரய்யா கையத் தூக்கினாரு. "பேசாதீங்க. கடைசிக் கேள்வி இன்னும் கேட்கல."

உனக்கு அந்தக் கேள்விய நான் இன்னும் சொல்லலையே. அந்தத் தெருவுல எல்லாக் கல்யாணத்துலயும் கடைசியா ஒரு கேள்வி உண்டு. ஏன் கேட்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது. அவங்க அப்பா கேட்டாரு, தாத்தா கேட்டாரு, அதனால கேட்பாங்க. பதிலும் ஒண்ணேதான், எல்லா வீட்டுக்கும். "அது பெருமாளுக்குத்தான் தெரியும்"னு சொல்லிட்டு வெத்தலை மாத்திக்குவாங்க.

சுந்தரய்யா வாய் பழகின மாதிரி ஆரம்பிச்சாரு. "பின்னாடி நின்னவங்க..." அப்பத்தான் அவருக்கே புரிஞ்சுது, தான் என்ன கேட்கறோம்னு. மறுபடி கேட்டாரு.

"பின்னாடி நின்னவங்க வந்து சேர்ந்தாங்களா?"

துளசி அவரைப் பார்த்தா.

"வந்து சேர்ந்துட்டோம், தாத்தா."

அவ்வளவு கல்யாணத்துல கேட்ட கேள்வி. அன்னிக்குத்தான் முதல் தடவையா பதில் வந்துச்சு. பெரியவர் வெத்தலைத் தட்டைக் கீழ வச்சாரு. எழுந்தாரு. நடுவுல இருந்த இடத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, துளசி தலையில கை வச்சாரு.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இருக்கோம், தாத்தா."

பெரியவர் அழுதா பார்க்கக் கூடாதுன்னு எல்லாரும் வேற பக்கம் பார்த்துக்கிட்டாங்க. ஆனா எல்லாருமே அழுதாங்க. அப்புறம் அவரு துண்டால முகத்தைத் துடைச்சிட்டு, அந்தப் பெரிய ஜமக்காளத்தைப் பார்த்தாரு. "பொண்ணு வீட்டுப் பக்கம் காலியா கிடக்குதே, காவேரி. உங்க ஆளுங்க எங்க?"

சித்தி தெருமுனையக் காட்டினா. துளசி திரும்பி வர்றப்பவே எல்லாரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு வந்திருந்தா. அங்க மைமூன் பீவி குதிரை வண்டியில உட்கார்ந்திருந்தாங்க. மருதமுத்து ஒரு கூடை மீனை, மீன் தின்னாத தெருவுல எங்க வைக்கிறதுன்னு தெரியாம பின்னால மறைச்சுக்கிட்டு நின்னாரு. தரிசு வயல்ல கிடை போட, அதான் ராத்திரி மந்தைய அடைக்க, வந்த சாக்குல கெம்பம்மா ஆடுகளோட நின்னா. உள்ளே வரலாமா கூடாதான்னு மூணு பேருக்கும் தயக்கம்.

"கோவிந்து, போய் அழைச்சிட்டு வா. பொண்ணு வீட்டுக்காரங்களத் தெருவுல நிக்க வைப்பாங்களா?"ன்னாரு சுந்தரய்யா.

கோவிந்து ஓடினான். மூணு பேரும் வந்து ஜமக்காளத்துல உட்கார்ந்தாங்க. சித்தி நகர்ந்து இடம் குடுத்துட்டு, மருதமுத்து காதுல, "கூடைய அந்த வேப்ப மரத்துக்குப் பின்னாடி வைங்க, நான் பார்க்கல"ன்னா. கெம்பம்மா சுந்தரய்யாவ ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனவங்க?"ன்னா. அவரு கைகூப்பினாரு.

வெத்தலை மாத்திக்கிட்டாங்க. மறுநாள் ‘டும் டும் டும், பீ பீ பீ’ன்னு மேளம். கோவிந்து தாலி கட்டினான். வண்டிங்க கிளம்பும்போது சித்தியும் ஏறிக்கிட்டா. "முழங்கால் வலிக்குது, நடக்க முடியாது"ன்னா. யாரும் அவள நடக்கச் சொல்லவே இல்ல.

"ம்... இப்பவும் அந்தக் கேள்விய கேட்கறாங்களா, பெரியம்மா?"

சரோஜாபாய் அக்கா வீட்டுல கேட்பாங்கன்னாங்க. இப்போ பதில் வேறயாம். "வந்து சேர்ந்துட்டாங்க"ன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்தே சொல்வாங்களாம்.

கதை நடந்து நடந்து ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. நீயும் கண்ண மூடிக்கிட்டு போய்ச் சேரு, கண்ணு. பெருமாள் துணை இருப்பாரு.

அந்தப் போர்வையில கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளேன். என் காலும் சில்லுனு இருக்கு.